5800எக்ஸுக்கு எந்தக் கூலர்? ஏசி இல்லாத அறைக்கான ஓர் ஒப்பீடு

ரைசன் 5 3600 செயலியை வைத்து வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்தவர்கள் பலர், மதர்போர்டையும் ரேமையும் மாற்றாமல், செயலியை மட்டும் ரைசன் 7 5800எக்ஸாக உயர்த்திக்கொள்கிறார்கள். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டால் பழைய போர்டிலேயே புதிய செயலி ஓடும் என்பது, இந்தச் செயலிகள் அமரும் ஏஎம்4 சாக்கெட்டின் பெரிய வசதி. ஆனால் 3600-இன் பெட்டிக்குள் ரெய்த் ஸ்டெல்த் என்ற சிறிய கூலரை, அதாவது செயலியின் சூட்டை வெளியேற்றும் விசிறி அமைப்பை, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி வைத்துத் தந்தது. 2020 நவம்பரில் வெளிவந்த 5800எக்ஸின் பெட்டிக்குள் கூலரே கிடையாது. அதனால் கையிலிருந்த ஸ்டெல்த்தையே புதிய செயலியின் மேல் மாட்டிவிட்டு, ஒரு வீடியோவை ஏற்றுமதி செய்யத் தொடங்கியதும் வெப்பநிலை 90 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்பதையும் விசிறி இரைவதையும் பார்த்த பிறகே, வேறு கூலர் வாங்க வேண்டுமோ என்ற கேள்வி எழுகிறது.

அந்த ஒரு கணினியை முன்வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்: ஏஎம்4 போர்டு, 5800எக்ஸ் செயலி, நடுத்தர அளவுள்ள கேபினட், கோடையில் 34, 35 டிகிரிக்குப் போகும் ஏசி இல்லாத அறை. முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. ஸ்டெல்த்தையே வைத்துக்கொண்டு செயலியின் மின்னளவைக் குறைப்பது, உலோகத் தகடுகளைக் கோபுரம்போல் அடுக்கிய ஒற்றை டவர் கூலர், அப்படி இரண்டு அடுக்குள்ள இரட்டை டவர் கூலர், 240 மி.மீ. ரேடியேட்டருடன் வரும் லிக்விட் கூலர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலோருக்கு மூன்றாவது வழிதான் சரி, முதல் வழியை முயன்று பார்க்காமல் யாரும் பணத்தை எடுத்து நீட்டக் கூடாது, நான்காவதைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் அழகு சார்ந்த விஷயம்.

எத்தனை வாட்டை வெளியேற்றுகிறோம்

கூலர் பெட்டியில் போட்டிருக்கும் "220 வாட் வரை" போன்ற எண்களையும், செயலிப் பெட்டியில் வெப்ப அளவாகப் போட்டிருக்கும் டிடிபி என்ற வாட் எண்ணையும் அருகருகே வைத்து முடிவெடுப்பது பொதுவான பழக்கம். இரண்டுமே அதற்குப் பயன்படாத எண்கள். கூலர் நிறுவனங்களின் வாட் கணக்குக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஏஎம்டி சொல்லும் டிடிபியோ, செயலி உண்மையில் இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு அல்ல. ஏஎம்4 சாக்கெட்டில் அந்த உச்சவரம்புக்குப் பிபிடி என்று பெயர்; பெரும்பாலும் அது டிடிபியின் 1.35 மடங்காக இருக்கும். அதன்படி 65 வாட் என்று விற்கப்பட்ட 3600 சாக்கெட்டிலிருந்து 88 வாட் வரை எடுக்கும். 105 வாட் என்று விற்கப்பட்ட 5800எக்ஸ் 142 வாட் வரை எடுக்கும். அதோடு 3600-க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலை 95 டிகிரியாக இருந்தது, 5800எக்ஸுக்கு அது 90. வெளியேற்ற வேண்டிய வெப்பம் கூடியிருக்கிறது, தாங்கும் எல்லை குறைந்திருக்கிறது. ஸ்டெல்த் திணறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதற்கு மேல் அறையின் வெப்பம் சேர்கிறது. எந்தக் கூலரும் செயலியை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. காற்றுக்கும் செயலிக்கும் உள்ள இடைவெளியை எவ்வளவு குறைக்கிறது என்பதே அதன் திறமை. குறிப்பிட்ட வாட் அளவுக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய மாறாமல் இருக்கும். வெளிநாட்டு விமர்சகர் ஒருவர் 22 டிகிரி அறையில் ஒரு கூலரைச் சோதித்து 80 டிகிரி என்று எழுதியிருந்தால், அறைக் காற்றைவிட 58 டிகிரி கூடுதல் என்றே அதைப் படிக்க வேண்டும். அதே கூலர் மே மாதத்துச் சென்னையில் 35 டிகிரி அறையில் 93-ஐக் காட்ட வேண்டும். ஆனால் செயலி 90-ஐத் தாண்ட விடாமல் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவருக்குத் தாராளமாகப் போதுமான ஒரு கூலர் நமக்குப் போதாமல் போவது இப்படித்தான். கேபினட்டுக்கு உள்ளே இருக்கும் காற்றோ, கிராபிக்ஸ் கார்டின் புண்ணியத்தில், அறைக் காற்றைவிடவும் சில டிகிரி சூடாக இருக்கும்.

5800எக்ஸுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. அதன் எட்டுக் கோர்களும், அதாவது கணக்கிடும் அலகுகளும், ஏறத்தாழ 80 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரே சில்லில் அடங்கியிருக்கின்றன. இதே 142 வாட் வரம்புள்ள 5900எக்ஸ், பன்னிரண்டு கோர்களை இரண்டு சில்லுகளில் பிரித்து வைத்திருப்பதால், அதே கூலரின் கீழ் இதைவிடக் குளிர்ச்சியாகவே ஓடுகிறது. தேரோடும் வீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும் சந்நிதி வாசல் குறுகலாக இருந்தால் நெரிசல் வாசலில்தான். வெப்பம் அந்தச் சிறு பரப்பிலிருந்து வெளியே வருவதே இங்கு வாசல். கூலர் அதற்குப் பிறகு வருகிற வீதி. ஆகவே ஸ்டெல்த்திலிருந்து ஓரளவு நல்ல டவர் கூலருக்கு மாறும்போது பெரிய மாற்றம் தெரியும். அதற்குப் பிறகு கூலரின் அளவையும் விலையையும் இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது சில டிகிரிகளே. அந்தக் கூடுதல் பணம் பெரும்பாலும் குளிர்ச்சியை வாங்குவதில்லை, அமைதியை வாங்குகிறது. அமைதிக்கும் விலை கொடுக்கலாம். எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

செலவில்லாத வழி

பயாஸுக்குள் சென்று ஈகோ மோட் என்ற அமைப்பை 65 வாட்டில் வைத்தால், 5800எக்ஸின் உச்சவரம்பு 142 வாட்டிலிருந்து 88-க்கு இறங்கிவிடும். அதாவது 3600 இழுத்துக்கொண்டிருந்த அதே அளவு. ஒற்றைக் கோர் வேகத்தில் இதனால் வித்தியாசம் தெரிவதில்லை, ஏனெனில் ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது செயலி அந்த வரம்பை நெருங்குவதே இல்லை. எட்டுக் கோர்களும் ஒருசேர உழைக்கும் ரெண்டரிங், கம்பைலிங் போன்ற வேலைகளில்தான் கொஞ்சம் வேகம் குறையும். உச்சத்தில் எடுக்கும் கடைசி 50 வாட்டைச் செயலி மிகச் சிறிய வேக உயர்வுக்காகவே செலவழிக்கிறது என்பதால், இழப்பு மின்சாரம் குறைந்த அளவுக்கு இருப்பதில்லை.

இணையம், அலுவலக வேலை, அவ்வப்போது கேம் என்ற அளவில் கணினியைப் பயன்படுத்துபவர் இந்த அமைப்பைப் போட்டுவிட்டு ஒரு வாரம் பார்க்கலாம். கேம்களில் 5800எக்ஸ் 142 வாட்டை நெருங்குவதே அரிது. என்றாலும் ஸ்டெல்த்தை நான் நிரந்தர விடையாகச் சொல்ல மாட்டேன். அது 54 மி.மீ. உயரமுள்ள வெறும் அலுமினியக் கட்டி. வெப்பத்தைக் கடத்தும் ஹீட் பைப் ஒன்றுகூடக் கிடையாது. 88 வாட்டையும் அது வெளியேற்றிவிடும், ஆனால் கோடையில் விசிறியின் முழு இரைச்சலோடுதான் வெளியேற்றும். ஒரே ஒரு நன்மை, அதன் காற்று கீழ்நோக்கி அடிப்பதால், சாக்கெட்டைச் சுற்றியிருக்கும், செயலிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதிக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கும்.

ஈகோ மோடின் உண்மையான பயன், அது மற்ற மூன்று வழிகளோடும் சேரும் என்பதே. நல்ல கூலரை மாட்டிய பிறகும் மே, ஜூன் மாதங்களில் மட்டும் அதை இயக்கி வைத்துக்கொண்டால், அறையும் அந்த அளவுக்குக் குறைவாகச் சூடாகும். எந்தக் கூலரை வாங்கினாலும் செயலியின் வெப்பம் கடைசியில் நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்குத்தான் வருகிறது.

ஒற்றை டவரா, இரட்டை டவரா

டவர் கூலரின் உயிர் அதன் ஹீட் பைப். உள்ளே சிறிதளவு நீர் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்ட செம்புக் குழாய் அது. செயலியின் மேல் அமரும் முனையில் நீர் ஆவியாகி மேலே செல்கிறது. தகடுகளுக்கு நடுவே வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரில் பூசப்பட்ட நுண்துளைப் படலத்தின் வழியே அடிமுனைக்குத் திரும்புகிறது. பம்ப் கிடையாது, நகரும் பாகம் கிடையாது. கெட்டுப்போகக் கூடியது விசிறி மட்டுமே, அதையும் எந்தக் கடையிலும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

ஒற்றை டவருக்கு டீப்கூல் ஏகே400-ஐ எடுத்துக்கொள்ளலாம்: நான்கு ஹீட் பைப், ஒரு 120 மி.மீ. விசிறி, 155 மி.மீ. உயரம். இந்த வகைக் கூலர்கள் ஏறத்தாழ 2000 முதல் 3000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. 76 வாட் வரம்புள்ள 5600 அல்லது 5700எக்ஸ் வைத்திருப்பவர் இதற்கு மேல் தேடவே வேண்டாம். 5800எக்ஸையும் இது தாங்கும். ஆனால் முழு 142 வாட்டும் ஓடும்போது 35 டிகிரி அறையில் எல்லையை ஒட்டியே நிற்கும். விசிறியும் உச்சத்தில் சுற்றும். ஈகோ மோடோடு சேர்த்தால் மிகப் பொருத்தமான ஜோடி.

இரட்டை டவருக்குத் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. ஆறு ஹீட் பைப், இரண்டு தகட்டடுக்கு, இரண்டு 120 மி.மீ. விசிறி. உயரம் அதே 155 மி.மீ. விலை கடைக்குக் கடை மாறினாலும், நல்ல ஒற்றை டவரைவிட ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூடுதல் என்ற அளவில்தான் இருக்கும். இந்தக் கூடுதல் தொகைக்குக் கிடைப்பது, அதே வெப்பநிலையை விசிறி பாதி வேகத்தில் சுற்றும்போதே தக்கவைக்கும் தகட்டுப் பரப்பு. மேலே சொன்ன வாசல் நெரிசலால் வெப்பநிலை ஏகே400-ஐவிடப் பெரிய அளவில் இறங்கிவிடாது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ரெண்டர் போட்டுவிட்டு அதே அறையில் தூங்க முடியும். 2014-இல் வந்து பத்தாண்டுக் காலம் காற்றுக் கூலர்களின் அளவுகோலாக இருந்த நாக்டுவா என்எச்-டி15 இதைவிட இன்னும் அமைதியானது, இன்னும் நேர்த்தியான வேலைப்பாடு. ஆனால் விசிறிகளோடு 1320 கிராம் எடை, 165 மி.மீ. உயரம், சில மடங்கு விலை. 5800எக்ஸுக்காக மட்டும் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லிக்விட் கூலர்

ரேடியேட்டர், பம்ப், குழாய் எல்லாம் பூட்டி நீர் நிரப்பி வரும் இந்த வகையைப் பற்றிக் கடைகளில் கேட்டால், காற்றுக் கூலருக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்பார்கள். 250 வாட் இழுக்கும் இன்டெல் ஐ9 வகைச் செயலிக்கும் 360 மி.மீ. ரேடியேட்டருக்கும் அந்தப் பேச்சு பொருந்தலாம். 142 வாட்டுக்கும் 240 மி.மீ. ரேடியேட்டருக்கும் பொருந்தாது. நல்ல இரட்டை டவரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சில டிகிரிகளுக்குள் அடங்கிவிடும். விலையோ ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அந்தச் சில டிகிரிகளையும் எப்படி அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். நீருக்கு வெப்பத்தைத் தேக்கி வைக்கும் திறன் அதிகம். சோதனை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் செயலியின் வெப்பத்தை நீர் உள்வாங்கிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் இன்னும் முழுச் சூட்டை எட்டியிருக்காது. அந்த நேரத்தில் எடுத்த எண் லிக்விட் கூலருக்கு மிகவும் சாதகமாக இருக்கும். நீர் முழுவதும் சூடாகி நிலைபெற்ற பிறகு, அதாவது கால் மணி நேரம், இருபது நிமிடம் கழித்து எடுத்த எண்ணே ஒரு மணி நேர ரெண்டருக்குப் பொருந்தும். இந்தத் தேக்கத்தால் உண்மையான ஒரு நன்மையும் உண்டு: செயலி சில நொடிகளுக்குச் சூடாகித் தணியும்போது விசிறி வேகம் ஏறி இறங்காமல் சீராக இருக்கும்.

ஆயுள் பற்றிய கணக்கு இன்னும் முக்கியமானது. டவர் கூலரில் விசிறி நின்றாலும் தகடுகள் கொஞ்சம் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கும். லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் செயலிக்கு மேலே இருப்பது தேங்கிய நீர்தான். வெப்பம் விறுவிறுவென ஏறிக் கணினி அணைந்துவிடும். பம்ப் ஒருபோதும் நிற்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ரப்பர் குழாய்களின் சுவர் வழியே நீர் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாக வெளியேறும், அந்த இடத்தில் காற்று சேரும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஐந்து, ஆறு ஆண்டு உத்தரவாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கசிவு அரிது, ஆனால் கசிந்தால் மற்ற பாகங்களுக்கும் சேர்த்து ஈடு உண்டா என்பதை உத்தரவாதச் சீட்டில் படித்துவிட்டே வாங்க வேண்டும்.

காற்று எப்போதும் மேலே சேரும் என்பதால், குழாய்ச் சுற்றின் உச்சியில் பம்ப் இருக்கவே கூடாது. ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்பைவிட உயரமாக இருக்க வேண்டும். கேபினட்டின் மேல்தட்டில் பொருத்துவது இதற்கு மிக எளிய வழி, ஆனால் அப்போது கிராபிக்ஸ் கார்டு சூடாக்கிய காற்றே ரேடியேட்டருக்குப் போகும். முன்பக்கம் பொருத்தினால் செயலிக்குப் புதிய காற்றும் கிராபிக்ஸ் கார்டுக்கு வெந்த காற்றும் கிடைக்கும். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 போன்ற நல்ல தயாரிப்பின் ரேடியேட்டர் 38 மி.மீ. தடிமன் கொண்டது; விசிறியையும் சேர்த்தால் 63 மி.மீ. பல கேபினட்டுகளின் மேல்தட்டில் அது ரேமையோ விஆர்எம் ஹீட்சிங்கையோ இடிக்கும். லிக்விட் கூலர் வந்ததும் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றோட்டமே இல்லாமல் போகிறது என்பதை உணர்ந்து, அந்த நிறுவனம் பம்ப்பின் மேலேயே விஆர்எம்முக்கென ஒரு குட்டி விசிறியை வைத்திருக்கிறது.

ஆக, யாருக்கு இது பொருந்தும்? உயரமான டவருக்கு இடம் இல்லாத, ஆனால் ரேடியேட்டருக்கு இடம் உள்ள குறுகிய கேபினட் வைத்திருப்பவருக்கு. கணினியை அடிக்கடி ஊர்விட்டு ஊர் கொண்டு செல்பவருக்கு, ஏனெனில் ஒரு கிலோ எடையுள்ள டவர் மதர்போர்டிலிருந்து பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு பேருந்திலோ பார்சலிலோ போவது போர்டுக்கு நல்லதல்ல. கண்ணாடிக் கதவுக்குள் அது அழகாகத் தெரிகிறது என்பதற்காக வாங்குவதும் தவறில்லை. அதைக் குளிர்ச்சியின் பேரில் நியாயப்படுத்திக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

கேபினட்டின் விவரத் தாளில் செயலிக் கூலருக்கான அதிகபட்ச உயரம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். 160 மி.மீ. என்று இருந்தால் மேலே சொன்ன இரண்டு 155 மி.மீ. கூலர்களும் அடங்கும், என்எச்-டி15 அடங்காது. அடுத்தது ரேம். இரட்டை டவரின் முன்விசிறி பெரும்பாலும் ரேமின் மேல் நிற்கும். கோர்சேர் வென்ஜன்ஸ் எல்பிஎக்ஸ் போன்ற தாழ்வான ரேம் அதன் கீழே சுலபமாக அடங்கிவிடும். 51 மி.மீ. உயரமுள்ள வென்ஜன்ஸ் ஆர்ஜிபி ப்ரோ போன்றது விசிறியை மேலே தூக்கிவிடும். தூக்கிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் கூலரின் உயரத்தோடு கூடும், கேபினட் கதவு மூடாது. விளக்கு எரியும் ரேமை வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் கேபினட்டுக்குள் காற்று நுழைகிறதா என்பது. முன்பக்கம் முழுக் கண்ணாடியாக, ஓரத்தில் ஒரு விரல் அகல இடுக்கு மட்டும் உள்ள கேபினட்டில், எந்த டவரை வைத்தாலும் அது தன் சூட்டையே திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும். கதவைக் கழற்றி வைத்து ஒரு முறை சோதித்துப் பாருங்கள். வெப்பநிலை ஏழெட்டு டிகிரி இறங்கினால், கூலருக்கு முன்னால் இரண்டு கேபினட் விசிறி வாங்குவதே சிக்கனம்.

பொருத்துதல்

பழைய கூலரைக் கழற்றுவதே ஏஎம்4-இல் அதிகக் கவனம் கேட்கும் கட்டம். இந்தச் சாக்கெட்டில் 1331 ஊசிகளும் செயலியின் அடியில் இருக்கின்றன. சாக்கெட்டின் நெம்புகோல் அந்த ஊசிகளை மட்டுமே பிடித்திருக்கிறது, செயலியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. செயலிக்கும் கூலருக்கும் நடுவே பூசியிருக்கும் பேஸ்ட் இறுகிப்போய்க் கூலரோடு செயலியை ஒட்டிவைத்திருந்தால், நேராக மேலே இழுக்கும்போது பூட்டிய சாக்கெட்டிலிருந்து செயலியும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும்; ஊசிகள் வளையும். ஆகவே கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலையைக் கொடுத்துச் செயலியைச் சூடாக்குங்கள். பிறகு கணினியை அணைத்து, எஸ்எம்பிஎஸ் சுவிட்சையும் அணைத்து, பேஸ்ட் இளகியிருக்கும்போதே நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றித் தளர்த்துங்கள். கூலரைத் தூக்காமல், இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமுமாக மெதுவாகத் திருக வேண்டும். பிடிப்பு விட்டுப்போய்க் கூலர் வழுக்கத் தொடங்குவது கைக்கே தெரியும். அதன் பிறகு தூக்கினால் போதும்.

கேபினட்டைப் படுக்க வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டெல்த்தின் நான்கு திருகுகளும் போர்டின் பின்னாலுள்ள உலோகத் தகட்டைத்தான் கவ்வியிருக்கின்றன. நிற்கும் கேபினட்டில் கடைசித் திருகு கழன்றதும் அந்தத் தகடு பின்பக்கமாக நழுவிவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. ஏகே400, பியர்லெஸ் அசாசின் இரண்டுமே போர்டோடு வந்த அதே தகட்டில்தான் தங்கள் சட்டத்தைப் பொருத்துகின்றன. ஸ்டெல்த்தை மாட்டும்போது கழற்றப்பட்ட இரண்டு கருப்புப் பிளாஸ்டிக் தாங்கிகள் இந்தக் கூலர்களுக்குத் தேவையில்லை. ஆனால் கொக்கியால் மாட்டும் கூலர்கள் சிலவற்றுக்கு அவை வேண்டும் என்பதால், மதர்போர்டு பெட்டியில் பத்திரப்படுத்துவது நல்லது.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் பழுதுபார்க்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும். கை கழுவும் சானிடைசரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அதில் பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருக்கும் கிளிசரின் மேற்பரப்பில் படலமாகத் தங்கிவிடும். துடைத்த பிறகு செயலியின் மேல் பட்டாணி அளவுக்குப் பேஸ்ட் வைத்தால் போதும், கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் உள்ள காற்றை வெளியேற்றுவதுதான் பேஸ்ட்டின் வேலை, அதனால் தடிமனாகப் பூசுவது எந்தப் பயனும் தராது.

சாக்கெட்டுக்கு மேலே, போர்டின் மூலையில் செருகும் எட்டு முனை மின்கேபிளை இப்போதே செருகிவிடுங்கள். இரட்டை டவர் அமர்ந்த பிறகு அந்த மூலைக்குள் விரல் நுழையாது. புதிய கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டோமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பியர்லெஸ் அசாசினின் நடு விசிறியைக் கழற்றினால்தான் இரண்டு டவர்களுக்கும் இடையில் நீண்ட ஸ்க்ரூடிரைவர் இறங்கும். இரு பக்கமும் உள்ள ஸ்பிரிங் திருகுகளை, ஒன்றில் இரண்டு சுற்று, மற்றதில் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கூலர் சாய்ந்து, பேஸ்ட் ஒரு புறமாக ஒதுங்கிவிடும். எவ்வளவு இறுக்குவது என்ற குழப்பம் தேவையில்லை: திருகு தானாக நிற்கும் இடத்தில் நிறுத்திவிடலாம்.

விசிறியில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கம் வழியேதான் காற்று வெளியேறும். அந்தப் பக்கம் கேபினட்டின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும், இரண்டு விசிறிகளும் ஒரே திசையில். இரண்டையும் பெட்டியில் வரும் ஒய் வடிவ இணைப்பான் வழியே போர்டின் சிபியு ஃபேன் முனையில் செருகுங்கள். அந்த முனை காலியாக இருந்தால் பல போர்டுகள் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். லிக்விட் கூலரானால், பம்ப் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும்படி பயாஸில் அமைக்க வேண்டும்.

விசிறி அமைப்பும் சோதனையும்

உலாவியைத் திறந்தாலே 5800எக்ஸ் ஒரு நொடியில் பதினைந்து, இருபது டிகிரி ஏறி இறங்கும். இது அந்தச் செயலியின் இயல்பு, கோளாறு அல்ல. ஆனால் போர்டு அந்தத் துள்ளலைப் பின்தொடர்ந்து விசிறியை ஏற்றி இறக்கினால், நல்ல கூலரும் எரிச்சலூட்டும். பயாஸில் விசிறி வேகத்தை 65 டிகிரி வரை தாழ்வான ஒரே அளவில் வைத்து, அதற்கு மேல்தான் ஏறத் தொடங்கும்படி அமைக்கலாம். வேகம் மாறுவதற்கான தாமதத்தை உச்ச அளவுக்கு நீட்டலாம். கூலர் மாற்றியவர்கள் பலர் செய்யாமல் விடும் வேலை இதுவே, செலவும் இல்லை.

சோதனைக்கு, எல்லாக் கோர்களையும் முழுவீச்சில் உழைக்க வைக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளைப் பத்து நிமிடச் சுற்றில் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் இரண்டு எண்களைச் சேர்த்தே பாருங்கள்: செயலியின் வெப்பநிலையும், அது இழுக்கும் பிபிடி வாட் அளவும். அறையின் வெப்பநிலையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 34 டிகிரி அறையில், 120 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு 90-க்குக் கீழே நின்றால், கூலர் சரியாக அமர்ந்திருக்கிறது என்று பொருள். 88 வாட்டிலேயே 90-ஐத் தொட்டால் அறையையோ கூலரையோ குறை சொல்வதில் பயனில்லை. மறுபடி கழற்றிப் பேஸ்ட் பரவியிருக்கும் விதத்தைப் பாருங்கள். செயலியின் நான்கு ஓரங்களுக்கும் மெல்லிய படலமாகப் பரவியிருக்க வேண்டும். ஒரு பாதியில் தடித்தும் மறுபாதியில் வெறுமையாகவும் இருந்தால், திருகுகளைச் சமமாக இறுக்கவில்லை. நடுவில் மட்டும் வட்டமாக நின்றிருந்தால் பேஸ்ட் போதவில்லை அல்லது கூலர் முழுவதும் கீழே இறங்கவில்லை. துடைத்துவிட்டுப் புதிய பேஸ்ட் வைத்தே மீண்டும் மாட்ட வேண்டும். ஒரு முறை பிரித்த பேஸ்ட்டின் மேல் அப்படியே அழுத்தினால் நடுவில் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும்.